வெள்ளியைக் காக்க வைத்தவள்

நிலா மாதாமாதம் தேய்ந்து காணாமல் போகிறதே, எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? என் அக்காவிடம்தான் வருகிறது. பின்பக்கம் வெள்ளி உரிந்துவிட்டதாம். எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற கண்ணாடிப் பட்டறை வாசலில் புதுப்பூச்சுக்காக வந்து நிற்கும். அக்கா அதைக் கழுவி, துடைத்து, வெள்ளி ஊற்றி, காயவைத்து மேலே அனுப்புவாள். அவள் கொஞ்சம் மெதுவான கை. அதனால்தான் நிலா ஒரேயடியாக வராமல் தினம் ஒரு கீற்றாக வருகிறது.

சரி, நிலாவை விடுங்கள். அது வரவில்லை என்று நிரூபிக்க உங்களாலும் முடியாது, வந்தது என்று நிரூபிக்க என்னாலும் முடியாது. ஆனால் ஆளுயரத்தைவிடப் பெரிய ஒரு வளைந்த கண்ணாடி வந்தது. அதற்கு ஆதாரம் இருக்கிறது. இன்றைக்கும் ஒரு பெரிய ஹோட்டலில், படிக்கட்டு திரும்புகிற இடத்தில் நின்று, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு வெள்ளி ஊற்றியவள் என் அக்கா. பத்தாம் வகுப்பைத் தாண்டுவதற்கே இரண்டு முறை ஓடிவந்து குதித்தவள் நான். அதனால் கீழே வரும் வேதியியலில் பிழை இருந்தால் அது என்னுடையது. வெள்ளியில் பிழை இருக்காது.

அக்கா பிறந்ததே தாமதமாகத்தானாம். டாக்டர் சொன்ன நாளெல்லாம் போய், அம்மா ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிய பிறகு, போனால் போகிறது என்று வந்தாள். அன்று தொடங்கிய நிதானம் இன்று வரை மாறவில்லை. அவள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவுவதற்குள் அம்மா அடுத்த வேளைக்கு அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள். வீட்டில் அவளுக்கு 'நத்தை' என்று பெயர். அப்பா பஸ் ஓட்டுகிறவர். "இவ ஏறுற ஸ்டாப்புல நின்னா, நான் ரிட்டயர் ஆகி அடுத்த டிரைவர் வந்துடுவான்" என்பார். அதைச் சொல்லும்போது அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் அப்பா வேலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் முடியும்.

எதிலும் அவசரப்படாதவள் ஒன்றை மட்டும் விழுந்து விழுந்து படித்தாள். வேதியியல். காலேஜ் நாட்களில் வீட்டில் எங்கே பார்த்தாலும் ஆறு மூலைக் கட்டங்கள். செய்தித்தாள் ஓரத்தில், காலண்டர் பின்னால், குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியில். நான் அந்தக் கட்டங்களுக்கெல்லாம் கண், மூக்கு, மீசை வரைந்து வைப்பேன். ஒருநாள் மீசை வைத்த கட்டம் ஒன்று அவளுடைய ரெக்கார்டோடு காலேஜுக்கே போய்விட்டது. புரொபசர் சிவப்பு மையால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார். அக்கா என்னை அடிக்கவில்லை. "மீசை எந்தக் கார்பன்ல இருந்து கிளம்புதுன்னு தெளிவா வரையணும்டி, அதான் கேட்டிருக்காரு" என்றாள்.

பட்டம் வாங்கினாள். வேலை தேடினாள். போன இடத்திலெல்லாம் அனுபவம் இருக்கா என்று கேட்டார்கள். யாராவது வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று இவள் திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஆள் எந்த ஆபீஸிலும் இல்லை. கடைசியில் கீழ்ப் பட்டறை முதலாளியம்மா ஒருநாள் மாடிப்படியில் இவளை நிறுத்தி, "உனக்குக் கை நடுங்குமா?" என்று கேட்டார். "நடுங்காது." "கண்ணாடி கழுவ வர்றியா?" வந்தாள். பட்டதாரி வேலை ஒன்பதடி கீழே இருந்தது, நாங்கள்தான் ஊரெல்லாம் தேடினோம் என்று அம்மா சொல்லிக்கொண்டாள். சொல்லும்போது முகம் மட்டும் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

அந்தப் பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரணத் தட்டைக் கண்ணாடிக்கெல்லாம் பெரிய தொழிற்சாலையில் மெஷினே பூசிவிடும். இங்கே வருவது மெஷினுக்குள் நுழையாத ரகம்: ஓரம் செதுக்கிய பழைய அலமாரிக் கண்ணாடி, முட்டை வடிவம், குழிந்தது, வளைந்தது. இவற்றுக்குக் கையால்தான் ஊற்ற வேண்டும். ஒரு பக்கம் கழுவுகிற தொட்டி, எப்போதும் ஈரம், உட்கார ஒரு மூன்று கால் ஸ்டூல். இன்னொரு பக்கம் ஜன்னலோரமாக ஊற்றுகிற மேஜை. அந்த மேஜை மேஸ்திரியினுடையது. தடித்த மீசை, மெலிந்த ஆள். அவர் கையில் குடுவையைப் பிடித்தால் அதிலிருந்து இறங்குகிற தண்ணீர் கம்பி மாதிரி நேராக இறங்கும். அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது. நானே முயன்று தோற்றிருக்கிறேன்.

கழுவுவது லேசு என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைச் சுண்ணப் பொடியைக் குழைத்துப் பஞ்சால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் ஒரே விரிப்பாக இறங்கினால் கண்ணாடி சுத்தம். எங்காவது பிளந்து ஓடினால் அங்கே யாரோ விரல் வைத்த எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். திரும்பத் தேய்க்க வேண்டும். அக்கா கழுவிய கண்ணாடியில் தண்ணீர் ஒருநாளும் பிளந்ததில்லை. மேஸ்திரியே ஒத்துக்கொள்வார். "கழுவுறதுல உன்ன அடிச்சுக்க ஆளில்ல" என்பார். அதைக் கேட்டு அக்கா தலையாட்டிவிட்டு ஜன்னலோர மேஜையைப் பார்ப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஹோட்டல் கண்ணாடி வந்தது. நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். வில் மாதிரி வளைந்த ஒரே துண்டு. முன்பக்கம் மேடு, பின்பக்கம் குழி. பின்னால் இருந்த பழைய வெள்ளி சொறி பிடித்தமாதிரி திட்டுத் திட்டாகப் போயிருந்தது. அந்த அளவில் அந்த வளைவில் இப்போது யாரும் செய்வதில்லை. உடைந்தால் போனதுதான். ஹோட்டலைப் புதுப்பித்துத் திறக்கப் போகிறார்கள், அதற்குள் வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி ஊற்றினார். எப்போதும் போல அம்மோனியாவில் கரைத்த வெள்ளித் தண்ணீர், அதில் ஃபார்மலின். வெள்ளித் தண்ணீர் தானாக வெள்ளியாகாது. யாராவது அதற்கு எலக்ட்ரான் கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் உலோகமாகிக் கண்ணாடியில் உட்காரும். ஃபார்மலினில் இருக்கிற ஆல்டிஹைடு அதைக் கொடுக்கும். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடும். தட்டைக் கண்ணாடியில் அது வசதி, கண் மூடித் திறப்பதற்குள் பளபளவென்று வந்துவிடும். வளைந்த குழியில் அதுவே வினையாகிவிட்டது. ஊற்றியதெல்லாம் நடுப்பள்ளத்துக்கு ஓடியது. கண்ணாடியைச் சாய்த்து ஓரங்களுக்குக் கொண்டுபோவதற்குள் நடுவிலேயே வேலை முடிந்துபோனது. நடுவில் மணல் மணலாகத் தடித்த சாம்பல், ஓரத்தில் வெறும் கண்ணாடி. அமிலத்தில் கரைத்துவிட்டு மறுபடி ஊற்றினார், இன்னும் வேகமாக. இந்தத் தடவை பட்டை பட்டையாக வந்தது. "வரிக்குதிரை" என்று நான் மாடிப்படியிலிருந்து சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அக்கா சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் தட்டில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபார்மலினுக்கு அவசரம்மா. அதான் கெடுக்குது" என்றாள் அக்கா.

"அதுக்கென்னடி அவசரம்? பஸ்ஸ விட்டுடுமா?"

"இல்லம்மா. ஆல்டிஹைடுல ஒரு கார்பன் இருக்கும். அதோட ஒரு ஆக்சிஜன் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருக்கும். பக்கத்துல படுத்துக்கிட்டு எலக்ட்ரானை எல்லாம் தன் பக்கமே இழுத்துக்கும்."

"போர்வைய இழுத்துக்கற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"உங்கப்பாதான் ஆக்சிஜன்" என்றாள் அம்மா. "கார்பன் என்ன பண்ணும்?"

"குளிர்ல நடுங்கும். யாராவது வந்தா போதும்னு பாத்துக்கிட்டே இருக்கும். தண்ணி வந்தா தண்ணியப் பிடிச்சுக்கும். அப்படிப் பிடிச்ச உடனே வெள்ளி வந்து எலக்ட்ரான வாங்கிட்டுப் போகும். இப்ப ஃபார்மலின் கார்பனுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ரெண்டுலயும் யாரு? சின்னச் சின்ன ஹைட்ரஜன். அதுங்ககிட்ட பகிர்ந்துக்கப் போர்வையும் இல்ல, வழிய மறைக்க உடம்பும் இல்ல. அதனால நடுக்கம் ஜாஸ்தி, வாசலும் திறந்தே கிடக்கு. வந்தவனெல்லாம் நேரா உள்ள போகலாம்."

"பாவம்" என்றாள் அம்மா. யாருக்கு என்று தெரியவில்லை.

"அதே கார்பன் பக்கத்துல இன்னொரு கார்பன் கூட்டம் இருந்துச்சுன்னு வை. அதுங்க கொஞ்சம் போர்வை கொடுக்கும். வாசல்லயும் உக்காந்து வழிய மறைக்கும். நடுக்கம் குறையும். வாசனை பாட்டில்ல வருமே, பாதாம் வாசனை, அது ஒரு ஆல்டிஹைடு. அதுல பக்கத்துல பெரிய ஆறு மூலை வளையம். கூட்டுக் குடும்பம் மாதிரி. யாருக்குக் குறைஞ்சாலும் சுத்திவர இருக்கறவங்க கொடுத்துடுவாங்க. அது பதறவே பதறாது."

"கூட்டுக் குடும்பத்துல நீ இருந்து பாத்திருக்கியா?" என்று அம்மா கேட்டாள். "நான் இருந்திருக்கேன். அங்க போர்வையே கிடைக்காது."

"அதுவும் உண்டும்மா. பக்கத்துல குளோரின் வந்து உக்காந்துச்சுன்னா அதுவும் தன் பங்குக்கு இழுக்கும். அப்ப கார்பன் பாடு இன்னும் மோசம்."

"அது எங்க நாத்தனார்."

எனக்கு வேதியியல் இவ்வளவு நாளும் ஏன் ஏறவில்லை என்பது அன்றுதான் புரிந்தது. புத்தகத்தில் நாத்தனாரைப் போடாமல் விட்டிருக்கிறார்கள்.

"அப்ப உனக்கு வேண்டியது பதறாத ஆல்டிஹைடு" என்றேன் நான்.

அக்கா என்னைப் பார்த்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். நத்தை எழுந்து ஓடியதைப் பார்த்து அம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டாள்.

அவளுக்கு நினைவு வந்தது சர்க்கரை. கண்ணாடிக்காரர்கள் பழைய காலத்தில் சர்க்கரை போட்டும் ஊற்றியிருக்கிறார்கள். அமிலம் விட்டுக் கொதிக்க வைத்த சர்க்கரை. பிறந்ததிலிருந்து அவசரப்படாத என் அக்கா அன்று ஒரே ஒரு தடவை அவசரப்பட்டாள். கொதிக்க வைக்கிற பாதியை விட்டுவிட்டாள். மறுநாள் பட்டறையில் டீ போடுகிற இடத்திலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து, தண்ணீரில் கரைத்து, எல்லோரும் சுற்றி நிற்க, உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் வெள்ளித் தண்ணீரோடு கலந்து ஊற்றினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. சும்மா நின்றது. காத்திருந்தார்கள். அப்போதும் சும்மா நின்றது. ஒரு எறும்பு மட்டும் ஓரத்தில் வந்து எட்டிப் பார்த்தது.

"பால் ஊத்தலாமா?" என்றார் மேஸ்திரி. "வடிகட்டி இருக்கா? எனக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு."

பட்டறை சிரித்த சிரிப்பில் அடுக்கி வைத்திருந்த கண்ணாடிகள் கிணுகிணுத்தன. அன்றிலிருந்து அக்காவுக்குக் கீழே பெயர் 'டீக்கடை'. "டீக்கடை, அந்த அலமாரிக் கண்ணாடியக் கழுவி எடு." அந்தப் பெயரை முதலில் வைத்த பாலிஷ்காரரின் செருப்புகள் இரண்டும் அன்று மாலை ஒன்றோடொன்று சேர்த்துக் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. யார் கட்டியது என்று விசாரணை நடந்தது. முடிவு இன்னும் வரவில்லை.

அக்கா அழவில்லை. மாடிக்கு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே தனக்குத்தானே சொன்னாள்: "டீ சர்க்கரைங்கறது ரெண்டு குட்டிச் சர்க்கரை, ரெண்டு பேரும் கையக் கோத்துக்கிட்டு நிக்கிறாங்கடி. எந்தக் கை வெள்ளிக்கு வேணுமோ அதே கையக் கோத்துக்கிட்டு. அப்புறம் எப்படிக் கொடுப்பாங்க? கொதிக்க வெச்சுப் பிரிச்சிருக்கணும். படிச்சு மறந்திருக்கேன் பாரு."

"அப்ப பிரிஞ்சவங்கள நேரா வாங்கிடேன்" என்றேன்.

"அதான். குளுக்கோஸ்."

மருந்துக் கடையில் விற்கிறார்களே, விளையாடிவிட்டு வந்து கரைத்துக் குடிப்பதற்கு, அதேதான். குளுக்கோஸும் உள்ளுக்குள் ஒரு ஆல்டிஹைடு. ஆனால் அது தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு வளையமாகச் சுருண்டு உட்கார்ந்திருக்குமாம். குளிரில் நடுங்குகிற அந்தக் கார்பன் வளையத்துக்குள் ஒளிந்திருக்கும். எப்போதாவது ஒன்று பிடியை விட்டு நிமிரும். நிமிர்ந்த அந்த நேரத்தில் மட்டும் வெள்ளிக்குக் கொடுக்கும். அது முடிந்தபிறகு இன்னொன்று நிமிரும். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கிற டிக்கெட் கவுண்டர் மாதிரி. தள்ளுமுள்ளு கிடையாது, மணல் மணலாகக் குவியாது. வெள்ளி ஒவ்வொன்றாக வந்து இடம் பார்த்து உட்காரும்.

அக்கா ஒரு சின்னத் துண்டில் ஊற்றிப் பார்த்தாள். மெதுவாக வந்தது, ஆனால் வழுவழுவென்று வந்தது. மேஸ்திரியிடம் காட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்டுபிடிக்க முடியாத கோபத்தோடு திரும்பி வந்தார்.

"உள்ளங்கை அகலம் யாரு வேணா ஊத்தலாம். அது எவ்வளவு பெரிசு, பாத்தியா?"

அப்போதுதான் முதலாளியம்மா போனை வைத்துவிட்டு வந்தார். ஹோட்டல்காரர்கள் இன்னும் ஒரே ஒரு தடவை பொறுப்பார்களாம். அதுவும் சரியாக வரவில்லை என்றால் லாரி அனுப்பி எடுத்துக்கொண்டுபோய் வேறு ஊரில் கொடுத்துவிடுவார்களாம்.

"இந்தத் தடவ இன்னும் வேகமா ஊத்துறேன்" என்றார் மேஸ்திரி.

"வேகம்தாண்ணே பிரச்சினையே" என்றாள் அக்கா.

"அப்ப நீயே ஊத்தேன்."

"ஊத்துறேன்."

மேஸ்திரி அதை நக்கலாகத்தான் சொல்லியிருந்தார். முதலாளியம்மா கயிற்றில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அக்காவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"வந்துச்சுன்னா, ஜன்னலோர மேஜைல இனிமே நீயும் ஊத்தலாம். வரலன்னா?"

"வரலன்னா" என்றார் மேஸ்திரி, "இந்த வாசலுக்குள்ள கெமிஸ்ட்ரி பேச்சே வரக் கூடாது. தொட்டி, பஞ்சு, தண்ணி. சாகற வரைக்கும் அதான். சரியா?"

"சரி" என்றாள் அக்கா. எதற்கும் அவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொல்லி நான் கேட்டதில்லை.

ஊற்றுவதற்கு முன் அவள் செய்ததெல்லாம் அவளுக்கே உரிய நத்தை வேலைகள். தச்சரிடம் சொல்லி, குழந்தைத் தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் சாய்கிற ஒரு சட்டம் செய்து வாங்கினாள். கண்ணாடியைக் குழிப்பக்கம் மேலே பார்க்க அதில் கிடத்தி, ஓரம் முழுக்க மெழுகால் வரப்பு கட்டினாள். தானே கழுவினாள். வெள்ளி பிடித்துக்கொள்ள வெள்ளீய உப்புத் தண்ணீர் விட்டு, அதையும் அலசினாள். வெயில் ஏறினால் குளுக்கோஸுக்கும் அவசரம் வந்துவிடும் என்று, குளிர்ந்த காலை நேரமாகப் பார்த்தாள். அம்மா மாடிப்படியின் நடுவில் வந்து நின்றாள். நான் அவளுக்கும் மேலே, யாருக்கும் தெரியாத இருட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டேன். பட்டறைக் கதவில், 'கண்ணாடியில் தெரியும் முகங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு அட்டை தொங்கியது. யார் மாட்டினார்களோ.

எல்லாம் தயாரான பிறகு அக்கா மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்த முனைய நீங்கதான் பிடிக்கணும்."

"நானா? எதுக்கு?"

"சீரா ஆட்டணும். வேற யாரு பிடிச்சாலும் குலுங்கும். உங்க கை மாதிரி இங்க யாருக்கும் வராது."

மேஸ்திரி மீசையைத் தடவினார். சுற்றும் முற்றும் பார்த்தார். "வரலன்னா என் மேல பழி போடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே போய்ப் பிடித்தார்.

அக்கா ஊற்றினாள். வெள்ளித் தண்ணீரும் குளுக்கோஸ் தண்ணீரும் கலந்து குழியில் இறங்கி விரிந்தன. அவள் பக்கம் சாய்த்தாள், அலை ஓரத்தைத் தொட்டுத் திரும்பியது. அவர் பக்கம் சாய்த்தார், அந்த ஓரத்தைத் தொட்டுத் திரும்பியது. இப்படியே போனது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஊற்றும்போது அந்தப் பட்டறையில் யாரும் பேச மாட்டார்கள். மூச்சு விடுகிற சத்தம்கூட மேஸ்திரிக்குப் பிடிக்காது. அன்று சட்டம் சாய்கிற கிறீச் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் இன்னமும் தண்ணீர்தான்.

பாலிஷ்காரர் பக்கத்து ஆளின் விலாவில் இடித்தார். எனக்கு டீ சர்க்கரையும் எறும்பும் கண்முன் வந்து நின்றன.

முதலில் பொறுமை போனது மேஸ்திரிக்கு. அவர் கண் அலமாரியில் இருந்த ஃபார்மலின் பாட்டிலுக்குப் போய்ப் போய் வந்தது.

"ஒரு கரண்டி விடவா?" என்றார் குரலே இல்லாமல்.

"வேண்டாம்ணே."

"அரைக் கரண்டி. தூண்டி விடறதுக்கு."

"அண்ணே, ஆட்டுங்க."

"மானம் போகுது பாப்பா."

"போனா என் மானம்தானே. நீங்க ஆட்டுங்க."

அவள் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. காத்திருப்பது அவளுக்குக் கஷ்டமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே இருந்த அத்தனை பேரும் தவித்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் தன் வீட்டில் இருப்பதுபோல் இருந்தாள். இவ்வளவு வருஷமாக நாங்கள் சீக்கிரம், சீக்கிரம் என்று துரத்திய பெண் அதே நிதானத்தில் நின்று சாய்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரியின் கண்தான் முதலில் கண்டுகொண்டது. அவர் குனிந்தார். தண்ணீரில் லேசாக ஒரு நிறம், கலங்கிய சாயம் மாதிரி. பழுப்பு. அது ஒரு இடத்தில் இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே மாதிரி.

"டீக்கடை" என்றார். "சரக்கு வருது."

"ஆட்டுங்கண்ணே."

பழுப்பு அடர்ந்தது. கறுத்தது. முதலாளியம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "கறுத்துத்தான்மா வரும், சும்மா இருங்க" என்று முதலாளியையே அதட்டினார் மேஸ்திரி. சட்டத்துக்கு அடியில் பாலிஷ்காரர் குனிந்து பார்த்தார், பார்த்தவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். கீழிருந்து பார்த்தால் கண்ணாடியின் முகம் தெரியும். அதில் அவருடைய முகம் தெரிந்திருக்கிறது. வரியில்லாமல், மணலில்லாமல்.

தேங்கவிட்டால் வெடிக்கும் என்பதால் மிச்சத் தண்ணீரை அமில வாளியில் வடித்தார்கள். அலசினார்கள். காயவிட்டு, பின்பக்கம் காப்புப் பூச்சு பூசி, அதுவும் காய்கிற வரை யாரும் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை. அம்மா எல்லோருக்கும் கீழே சாப்பாடு கொண்டுவந்தாள். அக்காவுக்குத் தட்டைக் கையில் கொடுத்து, "மெதுவா சாப்பிடு" என்றாள். எங்கள் வீட்டு வரலாற்றில் அந்த வாக்கியம் அதற்கு முன் சொல்லப்பட்டதில்லை.

பிறகு கண்ணாடியைத் தூக்கி நிறுத்தினார்கள். எல்லோரும் விலகிக்கொண்டார்கள். ஊற்றியவர்தான் முதலில் பார்க்க வேண்டும், அது அந்தப் பட்டறையின் வழக்கம். மேஸ்திரி ஜன்னலோர மேஜைக்குப் பக்கத்திலிருந்து ஒரு எட்டுத் தள்ளி நின்று, கையால் வழி காட்டினார். "போ பாப்பா. உன் கண்ணாடி."

அக்கா போய் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஓரங்களைப் பார்த்தாள், மேலே, கீழே, வளைவு திரும்புகிற இடம். ஒரு பட்டை இல்லை, ஒரு புள்ளி இல்லை. மேடான கண்ணாடி ஆனதால் மொத்தப் பட்டறையும் அதற்குள் இருந்தது: தொட்டி, மேஜை, வரிசையில் நிற்கிற ஆட்கள், அம்மா, மாடிப்படி மேலேறிப் போகிற இருட்டு, எல்லாம் சின்னதாக, தெளிவாக. தொட்டிக்குப் பக்கத்தில் அந்த ஸ்டூல் காலியாக இருந்ததும் தெரிந்தது. பட்டதாரி, கண்ணாடி கழுவுகிறவள், டீக்கடை, நத்தை, எங்கள் வீட்டுப் பெண், இதையெல்லாம் தன் கையால் செய்து நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றாள். பிறந்தபோது அம்மாவைக் காக்க வைத்த மாதிரியே வெள்ளியைக் காக்க வைத்தவள். இவளைப்போய் நான் நத்தை என்று...

"ஏய் வாலு" என்றாள் அக்கா. திரும்பவில்லை.

நான் சுவரோரமாக இன்னும் ஒடுங்கிக்கொண்டேன்.

"மேல, கடைசிக்கு முந்தின படி. உன்னத்தான். எதுக்குடி அழற?"

"யாரு அழறா?"

"மூக்க முழங்கைல தொடைக்கிறது யாரு?"

"சளி."

"காலைல இல்லியே."

"இப்பதான் பிடிச்சுது."

பட்டறை மொத்தமும் திரும்பியது. மாடிப்படிப் பக்கம் இல்லை, கண்ணாடிப் பக்கம். மேஸ்திரி, முதலாளியம்மா, பாலிஷ்காரர், அம்மா எல்லோரும் அதற்குள் பார்த்தார்கள். அங்கே மேல் மூலையில், இருட்டில், சிவந்த மூக்கோடு நான் உட்கார்ந்திருந்தேன். துளி மங்கல் இல்லை.

"நல்லாத் தெரியுதுல்லண்ணே?" என்றாள் அக்கா.

"கண்ணு, மூக்கு, சளி, எல்லாமே தெரியுது" என்றார் மேஸ்திரி.